தமிழாசிரியர்களின் பாட ஆய்வுக் குழுவை இணையத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியும். நான்கு தொடக்கப்பள்ளிகளைச் சேர்ந்த தமிழாசிரியர்கள், மொத்தம் பதினொரு பேர், மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பள்ளியில் கூடிப் பாட ஆய்வு, அதாவது ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, நடத்திப் பார்த்து, பேசித் திருத்துவது, செய்துவருகிறீர்கள். உட்லண்ட்ஸ், செங்காங், தெம்பனிஸ், ஜூரோங் என்று சிங்கப்பூர்த் தீவின் நான்கு மூலை. அடுத்த ஆண்டிலிருந்து இதை இணையத்திலேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாதம் ஒரு ஜூம் கூட்டம் போட்டால் போதுமா, வேறு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்கள்.

போதாது. மாதம் ஒரு ஜூம் கூட்டம் மட்டும் போட்டால் மூன்றாவது மாதமே குழு கரைந்துவிடும். கூட்டம் நடக்கும், வருகைப் பதிவும் இருக்கும், ஆனால் அது குழுவாக இருக்காது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020 ஏப்ரல் 8-ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் எல்லாம் முழுக்க வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறினபோது நான் இதேபோல ஒரு குழுவை நடத்திக்கொண்டிருந்தேன். பழைய கூட்டத்தை அப்படியே தூக்கித் திரையில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம், பதினான்கு பேர், என்னுடைய ஸ்லைடுகள். பத்து நிமிடத்தில் கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் பேசிக்கொண்டே இருந்தேன், "சரிதானே?" என்று கேட்டால் இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். நேரில் கூடினால் ஒரு மாணவரின் கட்டுரையை வைத்துக்கொண்டு ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு வாதாடுகிற அதே ஆசிரியர்கள்தான் அவர்கள். குறை அவர்களிடம் இல்லை, நான் கொண்டுபோன வடிவத்தில் இருந்தது.

நம் குழுக்கள் கலைந்தால் நட்டம் அதிகம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 2009 முதல் நம் பள்ளிகளில் ஆசிரியர் கற்றல் குழுக்கள், அதாவது நாம் பி.எல்.சி. என்று சொல்வது, வேரூன்றத் தொடங்கின. கால அட்டவணையிலேயே அதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். கணித ஆசிரியருக்கு அதனால் நல்ல பயன் உண்டு, அவருடைய பள்ளியிலேயே பேச ஆள் இருக்கிறார்கள். ஒரு பள்ளியில் தமிழாசிரியர் எத்தனை பேர்? இரண்டு, மூன்று, சில இடங்களில் ஒருவர்தான். அவர் தாய்மொழித் துறைக் கூட்டத்தில் சீன, மலாய் ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஆங்கிலத்தில் பொதுவாகப் பேசிவிட்டு வருகிறார். வேற்றுமை உருபில் ஏன் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், ல-ள-ழ உச்சரிப்பை எப்போது திருத்துவது, வீட்டில் தமிழே பேசாத பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்குவது, இதையெல்லாம் தமிழிலேயே பேச அவருக்கு இருக்கிற இடம் உங்களுடையதுபோன்ற பள்ளிகள் சேர்ந்த குழுதான். அப்புறம் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் நடத்தும் பயிலரங்குகள் இருக்கின்றன, அவை நல்லவை, ஆனால் பயிலரங்கு வேறு, மாதாமாதம் ஒன்றாக வேலை செய்கிற குழு வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட ஆய்வு ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிற பழக்கம். சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறோம், ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து மாணவர்களைக் கவனிக்கிறார்கள் (ஆசிரியரை அல்ல, இது ரொம்ப முக்கியம்), பிறகு பேசித் திருத்தி, முடிந்தால் இன்னொரு வகுப்பில் மறுபடி நடத்துகிறோம். இந்த வேலைகள் எல்லாம் ஒரே மாதிரி இணையத்துக்கு வராது. திட்டமிடுதல் நன்றாக வரும், பகிர்ந்த ஆவணம் ஒன்று இருந்தால் போதும். கவனித்தல் பாதிதான் வரும். உரையாடல் எப்படி வரும் என்பது நீங்கள் எதை நடுவில் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நடுவில் ஸ்லைடு இருந்தால் அது விளக்கக் கூட்டமாகிவிடும். ஒரு மாணவர் எழுதியதோ பேசியதோ இருந்தால் பேச்சு தானாக வரும். மொத்தப் பதிலிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: கூட்டத்தைப் பற்றி அப்புறம் யோசியுங்கள், மாணவரின் வேலையை எல்லாரும் அவரவர் நேரத்தில் பார்க்கிறமாதிரி எங்கே வைப்பது, எப்படிப் பார்ப்பது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் கூட்டம் அப்படிப் படுத்துவிட்ட பிறகு, அடுத்த மாதம் கூட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டு, தொடக்கநிலை ஐந்தில், அதாவது ஐந்தாம் வகுப்பில், படிக்கும் ஒரு மாணவியின் ஒலிப்பதிவை மட்டும் குழுவுக்குக் கொடுத்தேன். ஐம்பத்திரண்டு விநாடி. காணொளியைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வாய்மொழிப் பயிற்சி. உணவங்காடி நிலையத்தில் ஒருவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டை மேசையிலேயே விட்டுப் போகிறார், அதைப் பற்றி அவள் பேசவேண்டும். நடுநடுவே நீளமான இடைவெளி, மொத்தம் நான்கு இடத்தில் நின்றுவிடுகிறாள். நேரில் இப்படி ஒரு பதிவை ஒருமுறை போட்டுக் கேட்டால் நாங்கள் எல்லாருமே ஒரே தீர்ப்பைச் சொல்லியிருப்போம்: சொல்வளம் போதாது, வாசிப்பு இல்லை, வீட்டில் தமிழ் இல்லை. முதல் மூன்று பின்னூட்டங்களும் அப்படித்தான் வந்தன.

நான்காவதாக எழுதியவர் பணியில் சேர்ந்து இரண்டாவது ஆண்டில் இருந்த ஆசிரியை. நேர்க் கூட்டங்களில் அநேகமாக வாயே திறக்கமாட்டார். பதிவை ஐந்தாறு முறை கேட்டிருக்கிறார் என்பது அவர் எழுதியதிலேயே தெரிந்தது. பத்தொன்பதாவது விநாடியில் மாணவி "சாப்பிட்டுட்டு தட்ட அப்படியே" என்று வேகமாகத் தொடங்குகிறாள், நிறுத்துகிறாள், மூச்சு விடுகிறாள், பிறகு "உணவை உண்ட பிறகு தட்டை" என்று தொடர்கிறாள். நான்கு இடைவெளியில் மூன்று இப்படித்தான், நான்காவதுதான் உண்மையிலேயே சொல் தெரியாமல் நின்றது. அவளுக்குச் சொல் தெரிந்திருக்கிறது, பேச்சுத்தமிழில் வருவதை எழுத்துத்தமிழாக மாற்ற நின்றுகொண்டிருக்கிறாள், யார் அவளை அப்படி மாற்றச் சொன்னது என்று அந்த ஆசிரியை கேட்டிருந்தார்.

பார்த்தீர்களா? 2005-லேயே நம் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் கொடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது, நாங்கள் எல்லாரும் அதை அறிந்தவர்கள், ஆனாலும் எங்கள் வகுப்புகளில் பிள்ளைகள் "போறாங்க" என்றால் "போகிறார்கள்" என்று திருத்திக்கொண்டேதான் இருந்தோம். அந்த ஒரு பின்னூட்டத்துக்குக் கீழே இரண்டு நாளில் பதினேழு மறுமொழிகள். அடுத்த பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டபோது முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் ஜோடியாக, திருத்தமே இல்லாமல், வீட்டில் பேசுவதுபோலவே பேசட்டும் என்று வைத்தோம். அதே மாணவியின் அடுத்த பதிவில் இடைவெளி குறைந்தது, பேசிய நேரமும் நீண்டது. ஒரு பிள்ளைதான், இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்க முடிந்ததால்தான் அந்தக் கண்டுபிடிப்பு வந்தது, பேசத் தயங்குகிறவர் தனியாக உட்கார்ந்து யோசித்து எழுத முடிந்ததால்தான் அது குழுவுக்குக் கிடைத்தது. இரண்டும் இணையம் கொடுத்த வசதி. நேர்க் கூட்டத்தின் நகலாக இணையத்தைப் பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

ஆகவே நடைமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பொருள்: ஒரு நிமிட ஒலிப்பதிவு, அல்லது ஒரு பக்கக் கட்டுரை, அல்லது ஐந்து நிமிட வகுப்புக் காணொளி. அதற்கு மேல் போடாதீர்கள், யாரும் பார்க்கமாட்டார்கள், நம் வேலைப்பளு நமக்குத் தெரியும். முதல் மூன்று நாள் என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள் என்பதை மட்டும் எழுதலாம், விநாடியையோ வரியையோ குறித்து. "நன்றாக இருக்கிறது", "இன்னும் உழைக்கவேண்டும்" போன்றவை அந்த மூன்று நாளில் வேண்டாம். அதன்பிறகுதான் ஏன் அப்படி என்ற ஊகம், கடைசியில்தான் என்ன செய்யலாம் என்ற யோசனை. இந்த வரிசையைக் கொஞ்சம் கண்டிப்பாகவே கடைப்பிடிக்கவேண்டும், ஏனென்றால் ஆசிரியர்களாகிய நமக்குத் தீர்வு சொல்லும் கை ரொம்ப வேகம். பிரச்சினை என்னவென்று தெரிவதற்குள் பயிற்சித்தாள் தயாராகிவிடும்.

வகுப்புக் காணொளி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பாடத்தை நேரலையில் ஒளிபரப்பினால் எல்லாரும் பார்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். பின்சுவரில் வைத்த கேமராவில் பின்னந்தலைகளும் ஆசிரியரின் குரலும் தவிர எதுவும் விழாது, பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது, அது கேட்கவே கேட்காது. ஒரு கைப்பேசியை இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் மேசையிலேயே அவர்களை நோக்கி வையுங்கள். முழுப்பாடத்தையும் பதிந்து, நடத்திய ஆசிரியரே ஐந்து நிமிடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அப்படித் தேர்ந்தெடுப்பதே பாதிக் கற்றல். இதிலும் ஒரு இழப்பு இருக்கிறது: வகுப்பின் மற்ற மூலைகளில் நடந்தது யாருக்கும் தெரியாது. அதனால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவராவது, முடிந்தால் இருவர், நேரில் போய் உட்காரட்டும். உங்கள் விஷயத்தில் செங்காங்கும் தெம்பனிசும் ஓரளவு பக்கம், உட்லண்ட்சிலிருந்து ஜூரோங்குக்கும் போய்விடலாம். பதினொரு பேரும் போகத் தேவையில்லை, அதுவே பெரிய மிச்சம்.

அப்புறம் தமிழில் தட்டச்சு. இதை யாரும் பேசமாட்டார்கள், ஆனால் எங்கள் குழுவில் பாதிப் பேர் மௌனமாக இருந்ததற்கு இதுதான் காரணம். தமிழ்99 விசைப்பலகை பழகினவர் ஐந்து வரியை இரண்டு நிமிடத்தில் தட்டிவிடுவார், பழகாதவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிச் சலித்து "நன்று" என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார், அல்லது ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால் நம் கேள்விகளே மாறிவிடுகின்றன, ஆறாம் வேற்றுமை பற்றி ஆங்கிலத்தில் எவ்வளவுதான் பேசுவது? குரல்பதிவாகப் பின்னூட்டம் தரலாம் என்று சொன்ன மறுநாளே மூத்த ஆசிரியர்கள் நான்கு பேர் பேசத் தொடங்கினார்கள். இருபத்தைந்து ஆண்டு அனுபவம், அதுவரை வெறும் "நன்று"க்குள் அடைபட்டுக் கிடந்தது. இன்னொன்று, பழைய பயிற்சித்தாள்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த கோப்புகளைப் பகிர்ந்த ஆவணத்தில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். குழு தொடங்குவதற்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து அவற்றை மாற்றிவைத்துவிடுங்கள், ஒரு மதிய வேலைதான். 1995-ல் தேசிய கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிக்காட்டியது இதே சிங்கப்பூரில்தான். அந்த ஊரில் எழுத்துருத் தொல்லையால் ஓர் ஆசிரியர் பேசாமல் போகக்கூடாது என்று எனக்கு உண்மையாகவே ஆதங்கம்.

கேமரா வழியே வராத ஒன்று உண்டு, தேநீர். எங்கள் குழு கூட்டம் முடிந்ததும் பக்கத்துக் காப்பிக்கடையில் தே தாரிக்கோடு இன்னொரு அரைமணி உட்காரும். புதிய ஆசிரியர்கள் தங்கள் உண்மையான கேள்வியைக் கூட்டத்தில் கேட்கமாட்டார்கள், அங்கேதான் கேட்பார்கள். "அக்கா, என் வகுப்புல ஒரு பையன் தமிழ்ப் புத்தகத்தையே திறக்கமாட்டேங்கிறான், என்ன செய்யுறது?" இதற்கு இணையத்தில் நேரடி மாற்று கிடையாது. நான் கண்டதில் ஓரளவு உதவியது ஜோடி ஏற்பாடுதான்: ஒரு புதியவர், ஒரு பழையவர், வேறு வேறு பள்ளி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் தொலைபேசியில் பேசவேண்டும், குறிப்பு எழுதத் தேவையில்லை, யாருக்கும் அறிக்கை கிடையாது. எம்.ஆர்.டி. ரயிலில் போகும்போது பேசினார்கள், சமைக்கும்போது பேசினார்கள். அதோடு ஆண்டின் முதல் சந்திப்பு நேரில் இருந்தே ஆகவேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். முகம் பார்த்துப் பழகாதவரின் பாடத்தைத் திரையில் விமர்சிக்க யாருக்கும் மனம் வராது, வந்தாலும் அது காயமாகப் போய்ச் சேரும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நேரலைக் கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், ஆனால் நாற்பத்தைந்து நிமிடம் போதும், எல்லாரும் பொருளைப் பார்த்துப் பின்னூட்டம் எழுதிய பிறகு. முதல் ஐந்து நிமிடத்திலேயே மூன்று நான்கு பேராகப் பிரித்து அனுப்பிவிடுங்கள். பதினொரு பேர் ஒரே திரையில் இருந்தால் மூன்று பேர் பேசுவார்கள், எட்டுப் பேர் கேட்பார்கள். ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரே கேள்வி, பின்னூட்டங்களிலிருந்தே எடுத்தது. எங்கே கருத்து முரண்பட்டதோ அங்கிருந்து எடுங்கள், ஒத்துப்போன இடத்தைப் பேச நேரலை நேரத்தைச் செலவழிக்கவேண்டாம்.

ஒருங்கிணைப்பாளராக உங்கள் வேலை கூடும், குறையாது, இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கனடாவில் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் 2000-ல் இணையவழிக் கற்றலுக்கு ஒரு சட்டகம் கொடுத்தார்கள்: சிந்தனை நடக்கவேண்டும், மனிதர்கள் ஒருவரை ஒருவர் மனிதராக உணரவேண்டும், இரண்டையும் ஒருவர் கவனித்து வழிநடத்தவேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் நிலைப்பதில்லை என்பது என் அனுபவத்திலும் சரியாகத்தான் இருந்தது. ஒருவர் முதன்முதலாக எழுதினால் ஒரு நாளைக்குள் யாராவது பதில் எழுதியிருக்கவேண்டும், யாரும் எழுதாவிட்டால் நீங்கள் எழுதுங்கள். பதில் வராத முதல் பின்னூட்டம்தான் அநேகமாக அவருடைய கடைசிப் பின்னூட்டம். சுற்று முடிந்ததும் ஒரே ஒரு பத்தி, என்ன கண்டோம், பாடத்தில் எதை மாற்றினோம் என்று. அதைச் சுழற்சி முறையில் எழுதட்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஒரு பள்ளித் தவணைக்குப் பத்து வாரம், அதில் ஒரு முழுச் சுற்று போதும். முதல் இரண்டு தவணையில் இரண்டு சுற்று வைத்துவிடுங்கள். மூன்றாம் தவணையில் பி.எஸ்.எல்.இ., அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின், வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் வந்துவிடும், அப்போது தொடக்கநிலை ஆறு ஆசிரியர்களிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஜூன் விடுமுறையைத் தொடவே வேண்டாம். "இணையத்தில்தானே, வீட்டிலிருந்தே செய்யலாமே" என்ற பேச்சு வரும், அது இரவு ஒன்பது மணிக் கூட்டங்களில் போய் முடியும். இணையத்தில் நடந்தாலும் இது வேலைதான், கால அட்டவணையில் அதற்கு நேரம் வேண்டும். நான்கு பள்ளிக்கும் பொதுவான நேரம் கிடைக்காது, இணைப்பாட நடவடிக்கைகள் ஆளுக்கொரு நாள் இருக்கும், அதனாலும்தான் பெரும்பகுதி வேலையை அவரவர் நேரத்துக்கு விடச் சொல்கிறேன்.

பிள்ளைகளின் குரலும் முகமும் நம் கையில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல், பள்ளி முதல்வரின் அனுமதி, பள்ளி அனுமதித்த சேமிப்பிடம், பெயர் நீக்கம், சுற்று முடிந்ததும் அழிப்பு. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவுகூடப் போகக்கூடாது. வாட்ஸ்அப்பை "நாளைக்குள் பின்னூட்டம் எழுதுங்கள்" என்று நினைவூட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகம் எண்ணிக்கை கேட்கும், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பதிவு எழுதினார்கள் என்று. எங்களிடம் ஒருமுறை ஆளுக்கு மாதம் மூன்று பதிவு என்று இலக்கு வைத்தார்கள். அந்த மாதம் நிறையப் பதிவு வந்தது, படிக்க ஒன்றுமில்லை. எண்ணிக்கைக்குப் பதிலாகப் பாடத்தின் முதல் வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, எந்த மாணவரின் எந்த வரியைப் பார்த்து இந்த மாற்றம் வந்தது என்று காட்டுங்கள். நான் பார்த்த முதல்வர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்த பிறகு எண்ணிக்கை கேட்கவில்லை.

கடைசியாக, முதல் வகுப்புக் காணொளியை யார் தருவது என்று எல்லாரும் தயங்குவார்கள். புதிய ஆசிரியரிடம் கேட்காதீர்கள். நீங்கள் தாருங்கள், அதிலும் சரியாகப் போகாத பாடத்தைத் தாருங்கள். நான் கொடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரு பையன் பதில் சொல்ல வாயெடுக்கிறான், நான் முந்திக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறேன், இரண்டு முறை. குழுவில் ஒருவர் அந்த இரண்டு விநாடியையும் குறித்து, "இங்கே அவன் என்ன சொல்ல வந்தான் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது டீச்சர்" என்று எழுதினார். மறுநாள் அவனிடமே போய்க் கேட்டேன், அவன் சொன்னதைக் குழுவில் எழுதினேன். அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று பேர் தங்கள் பதிவைத் தந்துவிட்டார்கள்.